சைடு, டைடு

உலர்பனி புகையாமல் வந்து இறங்கியபோதே
கேட்டிருக்க வேண்டும்.
சாதாரண அட்டைப்பெட்டி, நான்கு குப்பி,
உள்ளே வெள்ளைப் பொடி.
அல் ஐனில் ஜூலை மாதம், வெளியே நாற்பத்தேழு.
குளிரில் வர வேண்டியது வெயிலில் வந்தும்
உருகாமல் இருக்கிறதே என்று
மகிழ்ந்து கையெழுத்துப் போட்டேன்.

ஒட்டகக் கன்றுகளுக்குத் தகப்பன் யாரென்று
பார்த்துச் சொல்லும் ஆய்வகம்.
நான் அதன் ஸ்டோர்கீப்பர். பி.காம்., காயல்பட்டினம்.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு கையுறைப் பெட்டிகூடக் கணக்கில் குறைந்ததில்லை.

மூன்றாம் நாள் நளாயினி
ஜெல் படத்தோடு ஸ்டோருக்கே வந்துவிட்டாள்.
அளவுகோல் வரிசையில் மட்டும் ஏணிப்படிகள்.
மற்ற பதினொன்றிலும் இருட்டு.
"முகைதீன் அண்ணை, என்ன ஓடர் போட்டனீங்கள்?"
கோப்பை எடுத்துக் காட்டினேன்.
அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.
நியூக்ளியோசைடு.
அவள் எழுதித் தந்திருந்தது நியூக்ளியோடைடு.

திட்டியிருந்தால் தேவலை. சிரித்தாள்.

"காரம் தெரியுமோ?"
"மீன்குழம்பு ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா?"
"அது இல்லை. அடினின், தைமின், குவானின், சைட்டோசின்.
நாலும் காரம். நாக்குக்கு ஒண்டும் தெரியாது.
காரத்தோட சீனி சேர்ந்தால் சைடு.
அதுக்கு மேல பாஸ்பேட் ஏறினால்தான் டைடு."

பெயர்களை நம்பாதீர்கள் என்றும் சொன்னாள்.
அடினினுக்குச் சீனி போட்டால் அடினோசின்,
சைட்டோசினோ சீனியைக் கண்ணால் கண்டதில்லை,
வெறும் காரம்,
வால் மட்டும் சொந்தக்காரனுடையதுபோல.

ராத்திரி மேல்கட்டிலில் படுத்து
விசிறியை முறைத்துக்கொண்டிருந்தேன்.
கீழ்க்கட்டிலில் திருவனந்தபுரத்துக்காரர்
வீட்டோடு வீடியோவில் பேசினார்.
சட்டென்று பிடிபட்டது.
ஒட்டகம் காரம். சேணம் சீனி.
முன்னே போவதன் சேணத்தில் போய்க் கட்டுகிற
மூக்குக்கயிறு பாஸ்பேட்.
கயிறில்லாத நான்கு ஒட்டகங்களை
நான் வாங்கி வந்திருக்கிறேன்.
நிற்கும், மேயும், வரிசையாகப் போகாது.

விடிந்ததும் போய்ச் சொன்னேன்.
தலையாட்டிவிட்டுத் திருத்தினாள்.
"மூண்டு கயிறு, அண்ணை.
கோர்க்கேக்க ரெண்டு அறுந்து விழும்.
அறுகிற விசையிலதான் மிச்சம் ஒண்டு இறுகும்."

அந்த வாக்கியத்தோடு
ஸ்டோர் ஏணியில் கொஞ்ச நேரம்
ஏறாமல் இறங்காமல் நின்றேன்.

காமீஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார்.
கன்று தன் பந்தய ஒட்டகத்துக்குப் பிறந்ததா
என்பது அவர் கவலை.
காவா பிளாஸ்க்கை என் மேசையிலேயே வைத்து
எனக்கும் ஊற்றினார்.
புக்ரா, என்றேன். அடுத்த முறையும் புக்ரா.
அவருடைய கன்றின் தகப்பன்
என் விரல் நுனியில் தட்டச்சுப் பிழையாகி
நிற்கிறான் என்று எப்படிச் சொல்வது?

தள்ளுபடிப் படிவத்தில்
காரணம் என்றொரு கட்டம்.
பெரிய கட்டம், ஆறு வரி எழுதலாம்.
ஓர் எழுத்து, என்று எழுதினேன்.

புதுப் பெட்டி புகைந்துகொண்டு வந்தது.
கையுறை இரண்டு போட்டுத்தான் தொட்டேன்.
மறுநாள் பதினொரு வரிசையிலும் வெளிச்சக் கோடு.
எனக்கு அது பிறை பார்த்த மாதிரி.
காமீஸுக்கு அப்படியில்லை.
கன்றின் தகப்பன் வேறு.

அவர் தாளை மடித்துக் கந்தூராப் பையில் வைத்தார்.
வாசல்வரை போய்த் திரும்பி
யாரையும் பார்க்காமல் சொன்னார்,
"ஆனாலும் ஓடும்."

பழைய குப்பிகள் நான்கும்
மூன்றாம் அலமாரியில் திறக்காமல் இருக்கின்றன.
அவற்றைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
குளிர்ப்பெட்டிக் கதவில் மட்டும்
தடித்த மையில் தமிழில் ஒட்டிவைத்தேன்: டை.

புதிதாகச் சேர்ந்த நேபாளப் பையன்
நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்,
இது என்ன எழுத்து?
கயிறு, என்றேன்.